நான் கொடுக்காத வாழ்த்து அட்டை

ஒருத்தி நம்பிக் கொடுத்தனுப்பிய வாழ்த்து அட்டையை நான் திருட்டுத்தனமாகப் பிரித்தேன். கிழித்தேன். பிறகு, உரியவளிடம் சேர்த்துவிட்டதாகப் பொய் சொன்னேன்.

கேட்பதற்கு மிகச் சிறிய குற்றம், இல்லையா? ஓர் அட்டைதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்... கொஞ்ச காலம்.

அந்தமானில், போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில், எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டிசம்பர் வந்துவிட்டால் கடையின் ஒரு பாதி என்னுடையதாகிவிடும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கையால் வாழ்த்து அட்டை செய்வேன். அழிரப்பரில் பூவும் மீனும் கோலமும் செதுக்கி, மையில் தோய்த்து அச்சிடுவேன். சரிகைத் தாளும் பூப்போட்ட தாளும் சென்னையிலிருந்து கப்பலில் வரும். இந்தக் கடற்காற்றில் தாள் இரண்டே நாளில் தொய்ந்துபோகும். அதை விறைப்பாக வைத்திருப்பதே பாதி வேலை.

புஷ்பத்துக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தவள் நான். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். என் குற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புஷ்பம் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவள் பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். ரேஷன் அட்டையை நகலெடுக்க வந்தவள், நான் அச்சிடுவதைப் பார்த்து நின்றாள். மறுநாளும் வந்தாள். இரண்டு டிசம்பர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள். மூன்றாவது டிசம்பரில், கடைக்கு வந்தவர்கள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தேடித் தேடி எடுத்தவை எல்லாம் அவள் செய்த அட்டைகளாகவே இருந்தன!

நான் சிரித்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தேன். உள்ளே என்ன நடந்தது என்று எனக்கல்லவா தெரியும்...

அவளுக்கு லெச்சுமி என்று ஒரு தங்கை. ஹேவ்லாக் தீவில் ஒரு வங்காளிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கே ஒரு ரிசார்ட்டின் சமையலறையில் வேலை செய்கிறாள். அப்போதே ஐந்து வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. தாய் இறந்தது புஷ்பத்தின் வீட்டில். அன்று கடல் கொந்தளிப்பு. 'மௌசம் கராப், போட் பந்த்', வானிலை மோசம், போட் கிடையாது என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். எப்போது கடல் அடங்கும், எப்போது போட் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலமே உடலை எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் கடல் அடங்கி, முதல் போட்டில் லெச்சுமி வந்து இறங்கினாள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. வாசலில் நின்று அக்காவைச் சொல்லக்கூடாத வார்த்தைகளால் பேசிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

நான் சொன்ன அந்த மூன்றாவது டிசம்பரின் கடைசியில், ஹேவ்லாக்கில் ஒரு ஹோட்டலுக்குப் புத்தாண்டு அட்டைகள் கொடுக்க நான் கிளம்பினேன். முந்தைய நாள் புஷ்பம் வந்தாள். கையில் ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை. மஞ்சள் தாளில் என் கோல அச்சுகள். அவற்றையே அவள் அடுக்கியிருந்த விதம்...!

"இங்க பாருங்க சாந்திக்கா," என்று பிரித்துக் காட்டினாள்.

அட்டை விரிந்ததும் உள்ளிருந்து ஒரு பானை எழுந்தது. பானை எழுந்து முடிந்த பிறகு, அதன் வாயிலிருந்து வெள்ளைத் தாள் நுரை அடுக்கடுக்காகப் பொங்கி வழிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு மடிப்பை நான் பார்த்ததில்லை.

"எப்படிடி செஞ்சே?"

"அது சொல்ல மாட்டேன். மொதல்ல லெச்சுமி பாக்கணும்." சிரித்துக்கொண்டே மூடி, விளிம்பில் தங்கத்தாள் ஒட்டினாள். "தபால்ல போட்டா நசுங்கிரும்க்கா. நீங்க கையில குடுத்துருங்க. அவ்வளவு போதும்."

போட் புறப்பட்டு அரை மணி நேரம் பொறுத்திருந்தேன். பிறகு கொண்டையூசியால் தங்கத்தாளை நெம்பினேன்.

எதற்கு? மடிப்பைக் கற்றுக்கொள்ள! ஒருமுறை பார்த்துவிட்டு, திரும்ப ஒட்டிவிடலாம் என்று நினைத்தேன். பானையின் பின்புறம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க ஊசியை உள்ளே விட்டேன். பானை இரண்டாகக் கிழிந்தது. போட் ஆடியது உண்மைதான். ஆனால் அலையின்மேல் பழியைப் போட மாட்டேன். என் கை அவசரப்பட்டது.

பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறிய காகிதம் விழுந்தது. புஷ்பம் பள்ளியில் இந்தி படித்தவள். தமிழை இந்தி எழுத்தில் எழுதியிருந்தாள். 'லெச்சுமி, அன்னைக்கு நான் பயந்துட்டேன். போட் வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு ராத்திரி காத்திருந்திருக்கணும். தப்பு என்னோடதுதான். பொங்கலுக்கு வா.'

அந்தக் காகிதத்தையாவது கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்களா? கொடுத்திருக்கலாம். அந்த ரிசார்ட்டின் வேலி வரைக்கும் போனேன். பின்பக்கத்தில் ஒருத்தி மேசைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புஷ்பத்தின் அதே நெற்றி, அதே நடை. கூப்பிட்டால் திரும்பும் தூரம். அட்டையை யார் கிழித்தது என்று ஒருநாள் புஷ்பத்துக்குத் தெரிந்துவிடும். கற்றுக்கொடுத்தவளே மடிப்பைத் திருடப் பார்த்தாள் என்று தெரு சிரிக்கும்... இதைத்தான் யோசித்தேன். திரும்பி நடந்தேன்.

வீட்டு வாசலிலேயே புஷ்பம் காத்திருந்தாள்.

"குடுத்தீங்களாக்கா?"

"குடுத்துட்டேன்."

"என்ன சொன்னா?"

ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பொய்கள் இருக்க, நான் எதைத் தேர்ந்தெடுத்தேன், பாருங்கள்!

"ஒண்ணும் சொல்லல. வாங்கி உள்ள வச்சிட்டா."

பொங்கலன்று புஷ்பம் ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்குப் போய் நின்றாள். ஹேவ்லாக் போட் வந்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகு தனியாகத் திரும்பினாள். எனக்கு ஒரு டிபன் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தாள். "அவ மனசு அவ்வளவுதான் சாந்திக்கா. இனிமே நான் கேக்க மாட்டேன்," என்றாள். அழவில்லை. நான் அந்தப் பொங்கலைச் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டபோது, வாங்கியும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அட்டை செய்யவில்லை. சில மாதங்களில் கணவருக்கு வேலை மாற்றல் வந்து வட அந்தமானின் திக்லிப்பூருக்குப் போய்விட்டார்கள்.

அவள் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கிழிந்த துண்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பி, அந்த மடிப்பைக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் தாள், கோலம், விளிம்புக்குத் தங்கத்தாள்... எதையும் மாற்றவில்லை. மாற்றினால் அழகு குறைந்தது. அடுத்த பொங்கலுக்கு என் கண்ணாடிப் பெட்டி முழுக்க அதுதான். பார்த்தவர்கள் எல்லாரும் என் கையைப் புகழ்ந்தார்கள்.

அப்போதுதான் ஒரு பகலில் லெச்சுமி கடைக்கு வந்தாள். ஏதோ காகிதங்களை நகலெடுக்க வந்திருந்தாள். அவளுக்கு என்னைத் தெரியாது. எனக்குத் தெரியும். காத்திருந்த நேரத்தில் பெட்டியிலிருந்த அட்டையை எடுத்துப் பிரித்தாள். பானை எழுந்தது, பொங்கியது. மூடிவிட்டு மறுபடி பிரித்தாள்.

"எங்கம்மா பொங்கல் வச்சா இப்பிடித்தான் வழியும் தீதி," என்றாள், என்னை வங்காளியில் அக்கா என்று அழைத்து. பிறகு, யாரோ ஒரு கடைக்காரிதானே என்ற தைரியத்தில், "அக்காவோட பேச்சு இல்ல. ஒரு கார்டு போட்டா வாங்குவாளா?" என்று கேட்டாள்.

என் நெஞ்சு எப்படித் துள்ளியது! ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே எல்லாம் சரியாகிவிடப் போகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த அட்டை... அதே அட்டை!

"வேற ஒண்ணு எடுத்துக்கோம்மா. மீன் போட்டது இருக்கு, நல்லாருக்கும்."

"நை நை, இதான் வேணும்."

ஏன் கூடாது என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அவள் என் பேனாவையே வாங்கி, என் மேசையிலேயே, அக்காவைப் போலவே தமிழை இந்தி எழுத்தில் எழுதினாள். எழுத எழுத நான் தலைகீழாகப் படித்தேன். 'அக்கா, அன்னைக்கு உன்னை ரொம்பப் பேசிட்டேன். மன்னிச்சிரு. வரச் சொன்னா அடுத்த போட்ல வந்துருவேன்.' மடித்து மூடி, தங்கத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டினாள். கச்சாலில் இருக்கும் சித்தப்பா கொடுத்ததாகச் சொல்லி, திக்லிப்பூர் முகவரியை உறைமேல் எழுதினாள். அன்றே தபாலில் சேர்த்திருப்பாள்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் கடையைத் திறக்கும்போது புஷ்பத்திடமிருந்து போன் வந்தது.

"சாந்திக்கா, அவ என்ன பண்ணியிருக்கா பாருங்க. நான் அனுப்பின கார்டையே எனக்குத் திருப்பி அனுப்பிட்டா! தங்கத்தாளு ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. ஒரு வருஷமா பிரிச்சுகூடப் பாக்கலக்கா..."

"நீ... பிரிச்சுப் பாத்தியா?"

"எதுக்கு? உள்ள என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே. அடுப்புல போட்டுட்டேன்."

அக்கா எழுதியதைத் தங்கை படிக்கவில்லை. தங்கை எழுதியதை அக்கா படிக்கவில்லை. இரண்டையும் படித்தவள் நான் ஒருத்திதான்.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றாள் புஷ்பம்.

அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. 'அது உன் அட்டை இல்லை' என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். ஆனால் அடுத்து அவள் 'பின்ன யாரோடது?' என்று கேட்பாளே!

"இருக்கேன்," என்றேன்.

"விடுங்க. நீங்களாவது எனக்காக அவ்வளவு தூரம் போயி குடுத்தீங்க. அது போதும்."

பதில் வராததால், லெச்சுமி என்ன நினைத்திருப்பாள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் இரண்டு பேரையும் என் கடையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று பலமுறை முடிவு செய்திருக்கிறேன். முடிவு செய்த நாட்களில் வேலை கொஞ்சம் இலகுவாக ஓடுகிறது, அவ்வளவே.

நேற்று புஷ்பம் மறுபடி போன் செய்தாள். அடுத்த மாதம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போர்ட் பிளேர் வருகிறாளாம். நான்கு நாள் இருக்க வேண்டுமாம். "உங்க வீட்டுலயே தங்கிக்கறேங்க்கா. எனக்கு அங்க உங்கள விட்டா யாரு இருக்கா?" என்றாள்.

வா என்று சொல்லியிருக்கிறேன்.