அடியில் போன ஆறு

ஸ்வீடனில் என் வேலை ஆற்றுக்கு ஐஸ் போடுவது. ஆய்வுக்கூடத்தில் ஒரு பேருந்தின் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி இருக்கிறது; அதுதான் ஏரி. ஒரு முனையில் குழாய் வழியாக வருவது ஆறு. மலையாற்றின் குளிர்ச்சி வேண்டும் என்பதால் தினமும் வாளி வாளியாக ஐஸ் கொட்டுவேன். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். உள்ளே நான் மெஷின் ஐஸுக்குக் காத்து நிற்பேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தத் தொட்டிக்குள் எங்கள் ஊரே வந்தது. கேரள மலையில் தேவிகுளம் பக்கம், நான் பிறந்த எஸ்டேட் லயத்து வீடுகளுக்குக் கீழே இருக்கும் அணை ஏரி. அதில் சேரும் ஆற்றின் கரையில் ஒரு விடுதி கட்டவிருந்தார்கள். அதன் கழிவுநீர் ஏரியில் எங்கே போய்ச் சேரும் என்று பார்க்கும் வேலை எங்கள் கூடத்துக்குக் கிடைத்தது. வெளிநாட்டில் பிழைப்பவர்களுக்குத் தெரியும், அலுவலகத்தில் சொந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் மனசு எப்படித் துள்ளும் என்று.

லயத்துக்குக் குடிதண்ணீர் அந்த ஏரியிலிருந்துதான். பம்ப் ஓட்டுபவர் என் பெரியப்பா மகன் செல்வம் அண்ணன். ஆற்றின் வெப்பநிலையை அவரிடம்தான் கேட்டேன். மழைக்காலம் முழுக்க, அட்டை கடிக்கக் கடிக்க, தினமும் காலையில் ஆற்றில் இறங்கித் தெர்மாமீட்டரைப் படமெடுத்து அனுப்பினார். "ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்ணே" என்றால், "நம்ம பிள்ள பாக்குற வேலை தப்பாப் போயிரக் கூடாதுல்லா" என்பார்.

கழிவுநீருக்குப் பதிலாகச் சிவப்புச் சாயம் கலந்து ஆற்றைத் திறந்துவிட்டோம். குளிர்ந்த நீர் கனமானது; ஏரிக்குள் நுழைந்ததுமே மூழ்கி, தரையோடு ஊர்ந்து, அண்ணனின் பம்ப் குழாய் இருக்கும் இடத்தில் போய்த் தேங்கியது. மேல்தண்ணீர் பளிங்காக இருந்தது. மேலாளர் மார்ட்டின் குனிந்து பார்த்து, "இன்ட்ரஸ்டிங்" என்றார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றை ஓரங்கட்டப் போகும்போதும் இங்கே அதே சொல்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அன்றே அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி, "கவலைப்படாதிய, குழாயை மாத்த வெச்சிரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

அறிக்கையில் மேற்பரப்புப் படங்கள் மட்டுமே இருந்தன. 'மேல்நீரில் மாசு தென்படவில்லை.' கீழே மார்ட்டின் பெயர், அடுத்து என் பெயர்.

"விடுதிக்காரர்கள் கேட்டது மேற்பரப்பைப் பற்றி மட்டும்தான்" என்றார் மார்ட்டின்.

"என் பெயரை எதற்குச் சேர்த்தீர்கள்?"

"அங்கே உன்னைத் தெரியுமே. நம்புவார்கள்." எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு காபியை நீட்டினார்.

நம்பினார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் விடுதிக்காரர்கள் என் பெயரை இரண்டு முறை வாசித்தார்களாம். எதிர்த்துப் பேச எழுந்த அண்ணன் பேசாமல் உட்கார்ந்துவிட்டாராம். நான் சாயப் படங்கள் எல்லாவற்றையும் என் பெயரிலேயே தேவிகுளம் தாலுகா ஆபீசுக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒரு மலையாளி கிளார்க் அழைத்தார். "ரண்டிலும் உங்க பேருதானே மேடம், இதில் ஏதை நம்பணும்?" என்றார். கேலி இல்லை; நிஜமாகவே கேட்டார். நான் வேலையை விடவில்லை. என் விசா அந்த வேலையில்தான் தொங்குகிறது.

அண்ணன் ஃபோனை எடுப்பதில்லை. போன வாரம் மதினி எடுத்தார். எப்போதும் "ஏட்டி" என்று தொடங்குகிறவர், "சொல்லுங்க" என்றார். விடுதி திறந்து ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களாம். பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

"வாங்க" என்றார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்குப் பாட்டில் தண்ணி வாங்கி வச்சிருதோம்."