பக்கத்து இருக்கையில் ஒரு பிரேக்

அந்த டிரைவிங் ஸ்கூலில் யாரைக் கேட்டாலும் அவருடைய சொந்தப் பேர் தெரியாது. 'பிரேக் சார்' என்றால்தான் தெரியும். வண்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து விறுவிறுக்க, இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஆக்சிலரேட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, அந்த ஒற்றைப் பிரேக்தான். "பிரேக், பிரேக், பிரேக்மா" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லிச் சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும். சொல்லியும் கேட்காதவர்களுக்காகத் தானே மிதிப்பார். ஊரில் பாதிப் பேர் அந்தக் காலை நம்பித்தான் வண்டி பழகினார்கள்.

காலுக்கு இருந்த ஒழுங்கு நெஞ்சுக்கு இல்லாமல் போனது. முதலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அதற்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் கதை தலைகீழானது. துடிப்பு மந்தமாகி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே செருப்பு ஸ்டாண்டின் மேல் சரிந்தார். "அந்த மாத்திரைய இனி தொடவே கூடாது" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, தோளுக்குக் கீழே தோலைக் கீறி பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு குறைந்தால் அது தட்டி எழுப்பிவிடுமாம். சரி, நல்லது. வீட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்த மருந்துப் பையைத் திறந்து பார்த்தால், உள்ளே அதே சின்ன வெள்ளை மாத்திரை.

"பீட்டா பிளாக்கர்தான், துடிப்பக் குறைக்கிறது. இப்ப தைரியமா சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு வார்டு டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். தொடக்கூடாது என்று சொன்னதை எந்தத் தைரியத்தில் விழுங்குவது? கேட்டிருக்கலாம். "சந்தேகம் வந்தா வாயத் திறந்து கேக்கணும்" என்று மாணவர்களை வறுத்தெடுக்கிற மனிதர்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார வைத்ததும் அவருக்கும் வாய் பூட்டிக்கொண்டது.

மனைவி தினமும் காலையில் ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீருமாக வந்து நிற்பாள். அவரும் விழுங்கினார். அதற்குப் பிறகுதான் அசதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்தது. பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார வேண்டியிருந்தது. சட்டையின் ஒரு கையை மாட்டிவிட்டு அடுத்த கைக்கு முன்னால் ஒரு பெருமூச்சு. வீட்டுப் படியேறினால் பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நிற்பார். எதிரே வந்த மேல்வீட்டுக்காரர், "பெயின்ட் அடிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள், குறுக்கே வந்த சைக்கிள்காரருக்காக மிதித்தபோது கால் போய்ச் சேர ஒரு கணம் பிந்திவிட்டது. வண்டி நின்றது, சைக்கிள்காரர் ஏசிவிட்டுப் போனார், ஓட்டிய பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. மீதி நாள் முழுக்க அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கால்தான் அவருடைய பிழைப்பு. அது பிந்தினால் யாராவது ஒருவர் வீடு போய்ச் சேர மாட்டார். அந்த இருக்கையை விட்டு இறங்கினால் அவருக்கு வேறு வேலையும் தெரியாது. படுத்தால் இது, எழுந்தால் இது என்று மண்டையைக் குடைந்தது. கடைசியில் தன் தொழில் கணக்கிலேயே ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளே வைத்திருக்கும் மெஷின் ஆக்சிலரேட்டர். மாத்திரை பிரேக். இரண்டையும் ஒன்றாக மிதிக்கிறவனை அவரே ஓரங்கட்டச் சொல்லி இறக்கிவிடுவார். அப்படியிருக்க, தன் நெஞ்சுக்குள் மட்டும் அந்தக் கூத்தை எதற்கு அனுமதிக்க வேண்டும்?

மனைவிக்கு முன்னால் மாத்திரையை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். தண்ணீரைக் குடித்துத் தலையாட்டிவிட்டு, வண்டியில் ஏறியதும் சாம்பல் கிண்ணத்தில் துப்பி மூடிவிடுவார். அந்த வண்டியில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, அதைத் திறந்து பார்க்கவும் ஆளில்லை. நாளாக ஆக அசதி விலகியது, கால் அவருடைய கால் ஆனது. 'பாத்தீங்களா?' என்று மனசுக்குள்ளேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டார்.

அப்போது அவரிடம் ஒரு தையல்காரி வண்டி பழகிக்கொண்டிருந்தாள். கரண்டில் ஓடும் தையல் மெஷினில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவள். அந்த மெஷினில் காலால் அமுக்கினால் ஓடும், காலை எடுத்தால் நின்றுவிடும். காரிலும் அதே பழக்கம். எதிரே எது வந்தாலும் பயந்து காலைத் தூக்கிவிட்டு, வண்டி தானாக நின்றுவிடும் என்று கையைக் கட்டாத குறையாகக் காத்திருப்பாள்.

"ஏம்மா, கால எடுத்தா மட்டும் வண்டி நின்னுடுமா?"

"எங்க மெஷின் நின்னுடும் சார்."

"இது மெஷின் இல்ல, வண்டி. இறக்கத்துல அது பாட்டுக்கு ஓடும். அடுத்த பெடல மிதிச்சாத்தான் நிக்கும்."

"சரி சார்" என்பாள். அடுத்த திருப்பத்தில் மறுபடியும் காலைத் தூக்குவாள். அவர்தான் மிதிப்பார்.

அன்றைக்குப் பாலத்தின் இறக்கம். கீழே சிக்னலில் சிவப்பு விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. அவள் வழக்கம்போல் காலைத் தூக்கினாள். வண்டி சரிவில் வேகம் பிடித்தது. அவர் மிதிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து அவர் நெஞ்சு பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கியது. தொண்டை வரைக்கும் அடித்தது, கண்ணுக்கு முன்னால் ரோடு மங்கியது. கால் பெடலின் மேல்தான் இருந்தது. அழுத்தத்தான் தெம்பில்லை.

"சார், பிரேக்கு."

காதில் விழுந்தது. தன் வார்த்தையை இன்னொருவர் தன்னிடமே சொல்கிறார் என்பதும் புரிந்தது. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்னால் நின்ற லாரியின் பின்பலகை பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம் ஒரே குலுக்கல். தையல்காரி தன் காலாலேயே மிதித்திருந்தாள். வண்டி உறுமி அணைந்தது. குலுங்கிய வேகத்தில் சாம்பல் கிண்ணம் திறந்து, பாதி கரைந்தும் காய்ந்தும் கிடந்த வெள்ளை மாத்திரைகள் கியர் கம்பியைச் சுற்றிச் சிதறின. அவள் அவற்றைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையில் அவற்றைப் பொறுக்கி முடிந்துகொண்டு, அவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கரைச் சோதிக்கும் டாக்டரம்மா, அவர் தோளுக்குக் கீழே ஒரு கருவியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி. கதவோரம் தையல்காரி.

"கொஞ்ச நாளா அடிக்கடி ரொம்ப வேகமா ஓடியிருக்கே. மாத்திர ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"என் கையாலதான் டாக்டர் குடுக்கிறேன். ஒரு நாள் தவறினதில்ல" என்றாள் மனைவி.

அவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரி வந்து மேஜையில் கைக்குட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். மனைவி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தார். அவள் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் சேத்து மிதிக்கலாமா டாக்டர்? அதான் விட்டேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டரம்மா கோபப்படவில்லை. இதைப் பலரிடம் சொல்லிச் சலித்த குரல் அவருக்கு. "துடிப்பு குறைஞ்சா அந்த மெஷின் தூண்டிவிடும். கூடிப்போச்சுன்னா அது ஒண்ணும் பண்ணாது, சும்மா ஒதுங்கியிருக்கும். வேகத்தக் கட்டுப்படுத்த மாத்திரதான் வேணும். முன்னாடி மெஷின் இல்ல, அதனால மாத்திர ஆபத்து. இப்ப அதிகமா குறையாம அது பாத்துக்கும். அதான் தைரியமா சாப்பிடச் சொன்னது. திடீர்னு நிறுத்தினதுல ஓட்டம் இன்னும் மோசமாயிருச்சு."

"ரொம்ப அசதியா இருந்துச்சு டாக்டர்."

"அத வந்து சொல்லியிருக்கணும். அளவக் குறைக்கலாம், வேற மாத்தலாம். இப்ப மாத்தித் தரேன். ஆனா நான் சொல்ற வரைக்கும் அந்த சீட்ல நீங்க உட்காரக் கூடாது."

எதற்குப் பயந்து மாத்திரையைத் துப்பினாரோ, அதுவே வந்து சேர்ந்தது.

"அப்ப அந்த மெஷினும் என்னை மாதிரிதானா சார்?" என்றாள் தையல்காரி, யோசித்து யோசித்து. "கால எடுத்துட்டு சும்மா உக்காந்திருக்குமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது, கைக்குட்டையோ மேஜையில் கிடந்தது.

ஸ்கூல் முதலாளி அவரை உள்ளே போர்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ரோட்டுக் குறிகளைச் சொல்லித்தரச் சொன்னார். ஜன்னல் வழியே தன் வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை.

மறுநாள் காலையில் மனைவி வழக்கம்போல் வந்து நின்றாள். புது மாத்திரை, பழைய டம்ளர்.

"இத்தன வருஷமா நான் என்னமோ வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தேன்னு நெனச்சேன்" என்றார். "யோசிச்சுப் பாத்தா, பக்கத்துல உக்காந்து பிரேக்க மிதிச்சிருக்கேன். அவ்வளவுதான்."

"அதனாலதாங்க அவங்க எல்லாரும் வீடு வந்து சேந்தாங்க."

அவர் மாத்திரையை வாங்கி விழுங்கினார். அவள் டம்ளரை வாங்காமல் அங்கேயே நின்றாள். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார்.

"வாயத் திறங்க" என்றாள். "நீங்களும் வந்து சேரணும்ல."

அவர் வாயைத் திறந்து காட்டினார்.