நல்லதம்பியிடம் வரி வாங்குவதில்லை

சின்னக்கானலில் மழை மலைப்பாதையை அறுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நல்லதம்பிக்குக் கோபம் வரும். மற்றவர்களுக்கும் வரும். ஆனால் அவருடையது சொந்தக்காரரின் கோபம். "நான் கட்டுற வரியில போட்ட ரோடு" என்பார். பஸ் குழியில் இறங்கி நின்றால் டிரைவரைத் திட்ட மாட்டார். இருக்கையில் உட்கார்ந்தபடியே இந்திய அரசாங்கத்தைத் திட்டுவார். மற்றவர்கள் இறங்கித் தள்ளுவார்கள்.

எஸ்டேட் ஃபேக்டரியில் அவர் டீ மேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூள் பெட்டியில் அடைபடும்வரை அவர் பொறுப்பு. வருடத்துக்கு நாற்பத்து மூன்று ரூபாய் வருமான வரி கட்டினார். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஹெட் கிளார்க் சுவக்கீனும் இன்னும் இரண்டு பேரும்கூடக் கட்டினார்கள். அவர்கள் அதை மூலநோயைப் போல வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். நல்லதம்பி ஆபீஸில் கொடுத்த துண்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தபால்காரர் தாமதமாக வந்தால் அது பையிலிருந்து கொஞ்சம் எட்டிப்பார்க்கும்.

தொழிலாளர் குடியிருந்த லயங்களில் இன்னொரு வரி உண்டு. மாசியில் மாரியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு நான்கு ரூபாய். பதினொரு வருடமாக நல்லதம்பி அதைக் கட்டவில்லை. "டில்லிக்குக் கட்டுறவன் இங்கயும் கட்டணுமா? ரெட்டை வரி சட்டப்படி செல்லாது" என்று சொல்லிவிட்டார். சட்டம் தெரிந்தவர் லயத்தில் வேறு யாரும் இல்லை. இருந்தாலும் பொங்கல் கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. நாற்காலிகள் அவர் வீட்டில்தான் இருந்தன.

அப்படித் தலைமை வகித்த ஒரு கூட்டத்தில்தான் தோட்டத் தொழிலாளி மொக்கையனுக்குத் தீர்ப்புச் சொன்னார். ஏழு நாள் வேலைநிறுத்தத்தில் மொக்கையன் எஸ்டேட் மேனேஜர் துரையின் பங்களாவுக்கு விறகு உடைத்துக் கொடுத்துவிட்டான். அந்த ஏழு நாளும் நல்லதம்பியும் ஃபேக்டரிக்குப் போனார். ஆனால் அவர் ஸ்டாஃப். "இனி இவன் கையில வரி வாங்கக் கூடாது" என்றார். லயத்தில் அதற்கு மேல் தண்டனை இல்லை. அடி இல்லை, அபராதம் இல்லை. வரித் தகரம், பணம் போடும் டப்பா, வீடு வீடாகப் போகும்போது அந்த வாசலை மட்டும் தாண்டிப் போகும். கெடா வெட்டினால் பங்கு கிடையாது. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். மூன்று பொங்கலாக மொக்கையன் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

எழுபத்தைந்தில், ஜூன் கடைசியில், நாட்டில் அவசர நிலை வந்தது. துரைக்குக் கீழ் வேலை செய்பவர்களுக்கு வித்தியாசம் பிடிபடச் சில நாள் ஆயிற்று. அதற்குள் ரேடியோவில் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். வருடத்துக்கு எட்டாயிரம்வரை வருமானம் உள்ளவர்களுக்கு இனி வரி இல்லை.

சுவக்கீன் ஃபேக்டரிக்கே வந்தார்.

"வே நல்லதம்பி, ஒம்மை விட்டாச்சு. டில்லிக்கு ஒம்ம காசு வேண்டாமாம்."

"யாரு சொன்னா வேண்டாம்னு?"

"ரேடியோவுல சொல்லுதான். மாசம் மூணரை ரூவா மிச்சம்வே. மீன் வாங்கித் தின்னும்."

நல்லதம்பி மீன் வாங்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அதனால் பயன் இல்லை. மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், சுவக்கீன் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் செய்தி லயங்களைச் சுற்றி வந்தது: டீ மேக்கரய்யாவிடம் சர்க்கார் வரி வாங்குவதை நிறுத்திவிட்டது.

செய்தியில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒருவனிடம் வரி வாங்காமல் விடுவதற்கு லயத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு. தூளில் கலப்படம் என்றார்கள் சிலர். பெண் விவகாரம் என்றார்கள் சிலர். அவரைப் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை. மொக்கையன் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிளகாய் வாங்கப் போடிக்குப் போனவன், அங்கே ஒரே ஒருவரிடம் சொன்னான். அவர் ரத்தினசாமி.

ரத்தினசாமியின் மகனுக்குத்தான் நல்லதம்பியின் மகள் குருவம்மாளைப் பேசி முடித்திருந்தது. பையன் முனிசிபாலிட்டியில் கிளார்க். குருவம்மாளுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு இடம் தட்டிப்போய் இது மூன்றாவது. தரகர் இந்த இடத்தை முடித்ததே ஒரு வாக்கியத்தில்தான்: "பொண்ணோட அப்பா இன்கம்டாக்ஸ் கட்டுறவரு." ஆவணியில் நிச்சயம்.

ஆடியிலேயே ரத்தினசாமி மலை ஏறி வந்தார். அவர் போடியில் ஏலக்காய்க் கடையில் தராசு பிடிப்பவர். வரி ஆபீசர் வருகிறார் என்றால் முதலாளி பின்வாசலால் போவதை இருபது வருடமாகப் பார்த்தவர். வரி வேண்டாம் என்று சொல்லும் ஆபீசரை அவர் பார்த்ததில்லை.

"சம்மந்தி, மறைக்காமச் சொல்லுங்க. என்ன பண்ணுனீக?"

"நான் ஒண்ணும் பண்ணலங்க. எட்டாயிரத்துக்குக் கீழ வாங்குறவுக எல்லாத்துக்கும் தள்ளிட்டாக."

"எட்டாயிரத்துக்குக் கீழயா?" ரத்தினசாமி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். "தரகர் அதைச் சொல்லவே இல்லையே."

தப்பு செய்தவர் என்றால் பெண் எடுக்க முடியாது. தப்பு செய்யாதவர் என்றால் ஏழை. எதை ஒப்புக்கொள்வது என்று நல்லதம்பி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினசாமி எழுந்துவிட்டார். நல்லதம்பியின் மனைவி மாரித்தாய் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கை நனைக்காமல் போனார். சர்க்காரோடு உள்ள சங்கதியைத் தீர்த்துவிட்டு ஆள் அனுப்புங்கள் என்று வாசலில் நின்று சொன்னார்.

"அந்தக் காயிதத்தைக் காட்ட வேண்டியதுதான?" என்றாள் மாரித்தாய்.

"அது போன வருசத்துதும்மா" என்றாள் குருவம்மாள். தையலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்லதம்பி இரண்டு பஸ் மாறி வருமான வரி ஆபீஸ் இருந்த ஊருக்குப் போனார். பையில் நாற்பத்து மூன்று ரூபாய் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் மலையாளம் கலந்து பேசினார்.

"வாங்கான் பற்றில்ல சாரே, வாங்க முடியாது. லிமிட்டுக்குத் தாழெ."

"ஏதாவது ஒரு தலைப்புல வாங்கிக்கிடுங்க."

"தலைப்பு இல்லா."

"அப்ப எம்மேல தப்பு ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க."

"தெற்று இல்ல என்னு எழுதான் ஃபாரம் இல்லா. தெற்று உண்டெங்கில் ஃபாரம் உண்டு." அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதல் முறையாக நல்லதம்பியின் முகத்தைப் பார்த்தார். கட்ட வேண்டாத வரியைக் கட்டியே தீருவேன் என்று ஒருவன் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறான். பேனாவை எடுத்தார். "வேறே வருமானம் ஏதும் உண்டோ?"

நல்லதம்பி அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

ஆவணி போயிற்று. மற்ற வீடுகளிலும் டில்லியின் கருணை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. துரைக்கு முந்தின வருட பட்ஜெட்டிலேயே வரி நன்றாகக் குறைந்திருந்தது. அதில் பங்களாவுக்கு ஒரு ஃபிரிஜ் வந்தது. சின்னக்கானலில், ஜனவரியில், வெளியே வைத்தாலே பால் விறைத்துப்போகும். துரையிடம் ஏன் குறைவாக வாங்குகிறார்கள், என்ன தப்பு செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் வருமான வரியே கட்டியதில்லை. ஆகவே அவர்களுக்குக் குறைக்க ஒன்றும் இல்லை. வெறுங்கையோடு விடக் கூடாது என்று போனஸைக் குறைத்தார்கள். குறைந்தபட்சம் எட்டு சதவீதத்துக்கு மேல் இருந்தது நான்காயிற்று. அந்தத் தீபாவளிக்கு லயத்தில் பாதி வீடுகளில் பழைய சேலையைத் துவைத்துக் கட்டினார்கள்.

கார்த்திகையில் போடியிலிருந்து கடிதம் வந்தது. ரத்தினசாமி தராசு பிடிப்பவர் ஆகையால் நியாயமானவர். 'சர்க்கார் வாங்காவிட்டால் போகட்டும். உங்கள் லயத்தில் உங்களிடம் வரி வாங்குகிறார்களா? மாசிப் பொங்கலுக்கு வருகிறேன். என் கண் முன்னால் வாங்கினால் நம்புகிறேன்.'

வரித் தகரம் ராமுத்தாயிடம் இருந்தது. கொழுந்து எடுப்பவள், விதவை. ஆண்களிடம் இருந்த வருடங்களில் தகரம் சாராயக் கடைவரை போய்விட்டு வந்ததால் அவளிடம் கொடுத்திருந்தார்கள். நல்லதம்பி நான்கு ரூபாயோடு அவள் வாசலில் போய் நின்றார். நாற்காலி இல்லாத வாசல்.

"வாங்கய்யா. டில்லிக்குக் கட்டுறவுக எங்க சாமிக்குக் கட்டக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னீகளே?"

"இப்ப டில்லிக்குக் கட்டலையே தாயி."

"அதான் எங்களுக்கும் பயமா இருக்கு. அம்புட்டுப் பெரிய டில்லியே வேண்டாம்னுருச்சு. நாங்க வாங்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"ராமுத்தாயி, வெளையாடாத. குருவம்மா கல்யாணம் இதுல நிக்கிது."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். குருவம்மாள் தையல் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத்தான் அவள் போட்டிருந்தாள். உள்ளே போய்த் தகரத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வருசம் எங்க பட்ஜட்டு வேற. போனஸு பாதியாப் போச்சுல்ல, கொழுந்து எடுக்குறவுகளுக்கு வரியும் பாதி. ரெண்டு ரூவா. கங்காணிக்கு அதே நாலு. ஸ்டாப்புக்குப் பத்து."

"பத்தா?"

"சம்பளத்துக்குத் தக்கனதான வரி? நீங்க சொல்லிக் குடுத்ததுதான். அப்பறம் பழைய பாக்கி, பதினோரு வருசம், நாப்பத்தி நாலு."

"அம்பத்தி நாலு ரூவாயா!"

"நாப்பத்தி மூணு டில்லி குடுத்துருக்குல்ல. பதினொண்ணுதான் கைக்காசு." அவள் தகரத்தைத் தட்டினாள். "இன்னொண்ணு. மொதல்ல மொக்கையன் வரி இதுல விழுகணும். தள்ளி வச்சது நீங்க. நீங்களே சேத்துக்கிடுங்க. ஒருத்தன வெளிய நிப்பாட்டிக்கிட்டு ஒங்கள மட்டும் உள்ள விட முடியாது."

"போடியில போய் வத்தி வச்சது அவன்தான், தெரியுமா?"

"நடந்ததத்தான சொன்னான். பொய் ஏதும் சொன்னானா?"

நல்லதம்பி யோசித்துப் பார்த்தார். பொய் சொல்லவில்லை.

மாசிப் பொங்கலன்று ரத்தினசாமி வந்து, நல்லதம்பியின் நாற்காலி ஒன்றில், தகரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். தராசு முள்ளைப் பார்ப்பதுபோலத் தகரத்தைப் பார்த்தார். நல்லதம்பி கூட்டத்தின் முன் தொண்டையைச் செருமினார். மொக்கையனிடம் இனி வரி வாங்கலாம் என்றார். காரணம் எதுவும் சொல்லவில்லை. தள்ளி வைத்தபோது நிறையச் சொல்லியிருந்தார்.

மொக்கையன் இரண்டு ரூபாயைத் தகரத்தில் போட்டான். நாணயங்களாகப் போட்டான், சத்தம் வரும்படி. அவனுக்குப் பின்னால் நின்ற நல்லதம்பி ஐம்பத்து நான்கு ரூபாயைப் போட்டார். நோட்டுகள், சத்தம் வரவில்லை. ரத்தினசாமி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ரசீது?" என்றார் நல்லதம்பி. பழக்கம்.

"கெடாவுல ஒரு பங்கு கறி வரும். அதான் ரசீது" என்றாள் ராமுத்தாய்.

மத்தியானம் வாழையிலையில் பொட்டலம் வந்தது. நல்லதம்பி பிரித்துப் பார்த்தார். மாரித்தாய் உலை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தை மூடி எடுத்துக்கொண்டு கோவிலடிக்குப் போனார். மொக்கையன் தன் பங்கை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான். இரண்டும் ஒரே அளவு.

"ராமுத்தாயி, நான் குடுத்தது அம்பத்தி நாலு."

"ஆமா."

"இவன் குடுத்தது ரெண்டு."

"ஆமா."

"பங்கு ஒரே மாதிரி இருக்கே?"

ராமுத்தாய் அரிவாள்மணையில் இருந்த கறியைத் தட்டில் வழித்துப் போட்டாள். "வரிதான்யா வேற வேற. பங்கு ஒண்ணுதான். டில்லியில எப்பிடின்னு எனக்குத் தெரியாது."

நல்லதம்பி வீட்டுக்கு வந்தார். ரத்தினசாமி கை கழுவிவிட்டு இலைக்கு முன்னால் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். குழம்பு இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எலும்பு கொஞ்சம் கூடுதல் என்றார். கல்யாணத்தை வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார்.