கர்னல் வீடு கிளம்பிய நாள்

மீனாக்ஷிக்குக் கர்னல் பித்துப் பிடித்தது 1994 கோடையில், நடுரோட்டில் அவள் காரின் ரேடியேட்டர் கொதித்து நின்றபோதுதான்.

தாராபுரத்துக்காரி, நியூஜெர்சியில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். கையில் செல்போன் கிடையாது. பக்கத்தில் இருந்த பழைய மரவீட்டின் கதவைத் தட்டினாள். திறந்தவள் லிண்டா. வாரநாளில் ஸ்கூல் பஸ் ஓட்டுவாள். சனி ஞாயிறில், நினைவில்லமாக இருந்த அந்த வீட்டை வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவாள். "வண்டியை இழுத்துப்போக ஆள் வர நேரமாகும். அதுவரை கர்னலைப் பார்த்துவிட்டுப் போயேன்" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு காலத்தில் வாழ்ந்த கர்னல் எஸ்ரா வான்டீர் சுவரில் படமாக இருந்தார். இடது கைச்சட்டை காலியாக மடித்துக் குத்தியிருந்தது. தோல் பதனிடுகிறவரின் மகன், படித்து வக்கீலாகி, முப்பது வயதில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனவர். 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டதும் பதவியை உதறிவிட்டு, ஊர் இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு வர்ஜீனியாவுக்குக் கிளம்பினார். அங்கே தோல்வி. பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது, இடுப்பளவு ஆற்றுத் தண்ணீரில் நின்று தன் ஆட்களை எல்லாம் கரையேற்றிவிட்டுக் கடைசியாகத்தான் ஏறினார். அதற்குள் குண்டு பட்டு ஒரு கை போய்விட்டது. திரும்பி வந்தவரை ஊரே கொண்டாடி, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுத்து வாஷிங்டனுக்கு அனுப்பியது. அங்கே எழுந்து நின்று, விடுதலையான கறுப்பின மக்களுக்கு ஓட்டு வேண்டும் என்று பேசினார். அடுத்த தேர்தலில் அதே ஊர் அவரைக் கவிழ்த்தது. மறுபடி நின்றார், தோற்றார். அதற்கப்புறம் இரண்டு முறை நின்றார், இரண்டிலும் தோற்றார். மேடைக்கு மேடை அதே பேச்சைத்தான் பேசினார்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மீனாக்ஷி மூச்சு விடாமல் இதையே சொன்னாள். ஒன்பது வயது மகள் ஓவியா நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, ஹீ லாஸ்ட் எவ்ரிதிங்!"

"தோத்தாலும் விடலையேடி!"

"செத்துப்போன மனுஷனுக்கு இவ்ளோ கொண்டாட்டமா?" என்று கணவன் சபரி சிரித்தான். "நான் ப்ரமோஷன் வாங்கினப்போகூட உன் முகத்துல இந்த ஜொலிப்பு இல்ல."

அடுத்த சனிக்கிழமையே அவள் லிண்டாவோடு சேர்ந்து வாசலில் நின்றாள். மூன்று வருஷம் நின்றாள். வந்தவர்களுக்கெல்லாம் கர்னல் கதையைச் சொன்னாள். ஆற்றுக் காட்சி வரும்போது குரல் ஏறும்; கைகள் தானாகத் தண்ணீரை விலக்கும்.

1997-இல் இடி விழுந்தது. அந்த மனையில் ஷாப்பிங் சென்டர் வரப்போகிறதாம். வீட்டை யாராவது பெயர்த்துக்கொண்டு போனால் தருகிறோம், இல்லாவிட்டால் இடிப்போம் என்றார்கள் மனையை வாங்கியவர்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் காலியிடம் இருந்தது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் கவுன்சில் கூடியது.

"போரில் பின்வாங்கியவர், தேர்தலில் தோற்றுக்கொண்டே இருந்தவர். அவருக்கு எதற்கு இடம்?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

பேசுவதாக மீனாக்ஷி வரவில்லை. ஆனால் எழுந்துவிட்டாள். மைக் முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள்: "இந்த ஊரில் எட்டு வருஷமாக இருக்கிறேன். வரி கட்டுகிறேன். கையில் கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை. நீங்கள் என் பேச்சைக் கேட்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஓட்டு இல்லாதவர்களுக்காகப் பேசித்தான் அந்த மனிதர் பதவியை இழந்தார். அவர் தோற்றது அவருக்கு இழுக்கா, நமக்கா?"

பின் வரிசையில் லிண்டா மட்டும் படபடவென்று கைதட்டினாள். ஓட்டெடுப்பில் மூன்றுக்கு இரண்டு. வீட்டுக்கு இடம் கிடைத்தது!

மறு வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலை, கர்னல் வீடு கிளம்பியது. அடியில் இரும்பு உத்திரங்கள், அதற்கும் அடியில் வரிசை வரிசையாகச் சக்கரங்கள், முன்னால் இழுக்க ராட்சச லாரி. மாடியும் கூரையுமாக முழு வீடு ரோட்டில் நகர்ந்தது. மின்வாரிய ஆட்கள் கம்பிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். நடைபாதை முழுக்க ஜனம். மீனாக்ஷி லாரிக்கு முன்னால், வீட்டைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்தாள். "வருது, வருது!" என்று தமிழில் கத்தினாள்.

பெட்ரோல் பங்க் திருப்பத்தில் லாரி நின்றது. பங்கின் விலைப்பலகைக் கம்பம் கூரை ஓரத்தை உரசிக்கொண்டு நின்றது. மறுபக்கம் நகர்ந்தால் பள்ளம். கிறீச்சென்று மரம் முனகியது. மீனாக்ஷி பங்குக்குள் ஓடினாள். உரிமையாளர் கீழக்கரை நூர் முகம்மது. வாரா வாரம் அவள் பெட்ரோல் போடும் இடம்தான்.

"பாய், உங்க போர்டைக் கொஞ்சம் கழட்டணும்!"

"போர்டையா? சண்டே பிசினஸ் என்னாகும் சிஸ்டர்? யாரு வீடு இது?"

மூச்சிரைக்கச் சொன்னாள்: ஆறு, குண்டு, காங்கிரஸ், ஓட்டு, தோல்வி. நூர் முகம்மதுவின் வாய் மெல்லத் திறந்தது.

"ஒத்தக் கையோட அத்தனை எலெக்‌ஷனா? நம்ம ஊரா இருந்தா கட்அவுட்டே வெச்சிருப்பாங்களே!" ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவரே ஏணியில் ஏறினார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டது சபரி. காலையிலிருந்து மனைவியைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தவன், இப்போது போல்ட் ஒவ்வொன்றாக விழ விழ, "இன்னும் ஒண்ணு பாய், இன்னும் ஒண்ணுதான்!" என்று கூவினான். பலகை இறங்கியது. கம்பத்தையும் மெல்லச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். லாரி உறுமியது. கர்னல் வீடு ஓர் அங்குலம் அசைந்து, அப்புறம் ஓர் அடி, அப்புறம் யானை திரும்புவதுபோல் நிதானமாகத் திரும்பியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. லிண்டா அழுதாள், மீனாக்ஷி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

மதியத்துக்குள் வீடு நூலகத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது, வேறு சேதாரமில்லை. கோடை முழுக்கச் சபரி அதற்குப் பெயின்ட் அடித்தான். யாராவது கேட்டால், ஓவர்டைம் என்பான். பூட்டும் நேரம் வந்தபின்னும் மீனாக்ஷி பாதிக் கதையில் இருப்பாள்; லிண்டா சாவியைக் குலுக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். புளியோதரைப் பொட்டலத்தோடு கோயிலிலிருந்து நேரே வருகிற குடும்பங்களோ எழுந்திருக்க மாட்டார்கள்.

"அப்புறம் என்னாச்சு ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். அவள் மறுபடி ஆற்றில் இறங்குவாள்.