பூங்காவி கலந்த பவுடர்

1. ஆல்பம் வந்த காலை

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே, வீட்டு முன்னறையைத் தடுத்து நான் பார்லர் வைத்திருந்தேன். த்ரெடிங், ஃபேஷியல், கல்யாண மேக்கப் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. இப்போது கண் சரியில்லை, விட்டுவிட்டேன். தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்கள், "அக்கா, உங்க பெஸ்ட் பிரைடல் எது?" என்று கேட்கிறார்கள். நன்றாக வந்ததைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நான் சொதப்பியதைச் சொல்கிறேன், அதுதான் உங்களுக்கு உதவும்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்திகூட ஏற்றவில்லை, கஸ்தூரி அக்கா உள்ளே வந்தார். கோவளத்தில் மீன் விற்கிறவர். எட்டு மாதத்துக்கு முன் அவருடைய மகள் தேவிக்கும் எங்கள் அடுத்த தெருப் பையனுக்கும் கல்யாணம் நடந்தது. மேக்கப் நான்தான். ஒயர் கூடையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து என் டேபிள்மேல் வைத்துத் திறந்தார்.

"எம்மா, இத கொஞ்சம் பாரு."

பார்த்தேன். பட்டுப்புடவை நன்றாக இருக்கிறது, ஜடை நன்றாக இருக்கிறது, நடுவில் தேவியின் முகம் மட்டும் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தேவி நல்ல கறுப்பு. கல்யாணத்தன்று அவளுடைய நாத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம் ஃபேரா, இன்னும் கொஞ்சம் ஃபேரா" என்று சொல்லச் சொல்ல, நானும் அவள் நிறத்தைவிட மூன்று ஷேடு வெளுப்பாகப் பான்கேக் அடித்தேன். கறுப்புத் தோல்மேல் வெள்ளை ஏற்றினால் வெள்ளை வராது, சாம்பல்தான் வரும். டியூப்லைட்டில் தெரியவில்லை. வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் தெரிந்திருக்கும், நான் அதற்குள் சாப்பிடப் போய்விட்டேன்.

கஸ்தூரி அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், என் வாய் அப்படி. அவர் நிதானமாகச் சொன்னார்: "எம் பொண்ணு கறுப்புதான். நான்தான் பெத்தேன், எனக்குத் தெரியாதா. நான் கறுப்பாத்தான் பெத்தேன், சாம்பலா பெக்கல. வூட்ல மாட்டறதுக்கு ஒரு போட்டோ கூட தேறல. அவ இந்த ஆல்பத்த தொறந்து பாக்கவே மாட்டேன்றா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன செய்யணும் சொல்லுங்கக்கா, செய்யறேன்" என்றேன்.

"இப்போ அஞ்சு மாசம் முழுவாம கீறா. ஏழாம் மாசம் வளகாப்பு. அப்போ ஒரு போட்டோ எடுத்து மாட்டணும். நீயேதான் போட்டுவுடணும். ஆனா ஒண்ணு, அவளுக்கு எந்த பவுடர் வாசனையும் ஆவல. கிட்ட கொண்டு போனாலே வாந்தி எடுக்கறா."

வாசனையே இல்லாத மேக்கப், அதுவும் தேவியின் நிறத்தில். அந்தக் காலத்தில் தாம்பரம் முழுக்க அலைந்தாலும் அவள் நிறத்துக்கு ஒரு டப்பா கிடைக்காது. கடையில் இருந்ததெல்லாம் வெளுப்பு, அதைவிட வெளுப்பு, இரண்டே வகை. அதனால்தான் நானே மண்ணில் செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன்.

2. கோலக்காவி

மண் எனக்குப் புதிதில்லை. ஃபேஸ் பேக்குக்கு முல்தானி மிட்டி, எண்ணெய்த் தலைக்கு முல்தானி மிட்டியோடு சீயக்காய், பருவுக்கு நாமக்கட்டி இழைத்துப் போடுவது, எல்லாம் தினப்படி வேலை. மஞ்சளுக்கு முல்தானி இருக்கிறது, சிவப்புக்குக் காவி, சரியாகக் கலந்தால் பழுப்பு வரும் என்று கணக்குப் போட்டேன். மளிகைக் கடையில் கோலத்துக்கு விற்கும் காவிப்பொடியை வாங்கிவந்து கலந்து, முதலில் என் கன்னத்திலேயே பூசிப் பார்த்தேன். புதிதாகக் கலப்பது எதுவானாலும் முதலில் என் தோலுக்குத்தான். அந்தப் புத்தியாவது எனக்கு இருந்தது.

சித்திரை வெயில். அரை மணியில் வேர்த்து, காவி கரைந்து கழுத்துவரை வழிந்தது. கழுவினேன், போகவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், கடலைமாவு எதற்கும் மசியவில்லை. எரிச்சல் வேறு. இரண்டு நாள் சிவந்த கன்னத்தோடு வாடிக்கையாளர்களுக்குப் புருவம் திருத்தினேன். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது என்னைப் பார்த்துவிட்டு, "மார்கழிக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கே, இப்பவே கோலம் போட்டாச்சா?" என்றார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தடவை ரசம் ஊற்றவில்லை.

மூன்றாம் நாள் தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடை அண்ணாச்சியிடம் போனேன். கன்னத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"கோலக்காவிய மூஞ்சில போட்டியளாக்கும். அதுல சாயம்லா கலந்திருப்பான். மருந்துக்குன்னு பூங்காவி இருக்கு, அத கேட்டு வாங்கப்பிடாதா?"

பூங்காவி என்பது சித்த மருந்துக்குச் சேர்க்கிற சிவப்பு மண். நூறு கிராம் வாங்கிவந்தேன். அதை எப்படித் தயார் செய்தேன் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரில் மண்ணைக் கரைத்து ஐந்து நிமிடம் விட வேண்டும். மணல் அடியில் நின்றுவிடும், மேலே கலங்கிய தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி மறுநாள்வரை தெளியவிட வேண்டும். அடியில் வெண்ணெய் மாதிரி படிவதுதான் நமக்கு வேண்டியது. துணி மூடிக் காயவைத்து, இரும்பு வாணலியில் போட்டு வெறுமனே சூடாக்கி, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் கவனித்தேன். முல்தானியை வாணலியில் வறுக்க வறுக்க மஞ்சள் போய்ச் செம்பழுப்பாக மாறியது. வறுத்த முல்தானியும் பூங்காவியும் சேர்த்து, முகத்தில் துளி தேங்காயெண்ணெய் தடவி அதன்மேல் ஒற்றினால் தோலோடு தோலாக நின்றது. வெள்ளை எதுவுமே சேர்க்கவில்லை. நாமக்கட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

3. காணாமல் போகும் கோடு

தேவியை மதியம் வரச்சொல்லி, டியூப்லைட்டை அணைத்து, வாசல் பக்கம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். காவியின் அளவைக் கூட்டிக் குறைத்து மூன்று கலவை செய்திருந்தேன்; மூன்றிலும் தாடையிலிருந்து கழுத்துவரை ஒவ்வொரு கோடு போட்டேன். எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதுதான் அந்த ஆளின் ஷேடு. நடுக்கோடு காணாமல் போனது. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன்.

தேவி ரொம்ப நேரம் பார்த்தாள். "என்னை மாதிரியே கீதுக்கா" என்றாள். பிறகு டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து மோந்தாள். வாந்தி வரவில்லை. "சூப்பர் வாசனைக்கா" என்று இன்னொரு தடவை மோந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஃபிலிம் ரோல் டப்பா நிறையக் கொடுத்து, "தினம் காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பாரு. அரிச்சா உடனே சொல்லு" என்று அனுப்பினேன்.

நாலாம் நாளே வந்தாள். "தீந்துபோச்சுக்கா."

காதுக்குப் பின்னால் தடவ ஃபிலிம் டப்பா ஒரு வருஷத்துக்கு வரும். எனக்கு அது உறைக்கவே இல்லை. நம் சரக்கு அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று பூரித்துப்போய், பெரிய டப்பாவில் கொடுத்தேன். அதுவும் பத்து நாளில் தீர்ந்தது. இன்னொன்று கொடுத்தேன். என்னை மாதிரி ஒரு கூமுட்டை உண்டா.

ஒரு மாதம் கழித்து மறுபடி கோடு போட்டுப் பார்த்தேன். நடுக்கோடு இந்தத் தடவை காணாமல் போகவில்லை. சிவப்பாகத் துருத்திக்கொண்டு நின்றது. அதே டப்பா, அதே வாசல், அதே வெளிச்சம். பூங்காவியில்தான் ஏதோ கலப்படம் என்று பஸ் ஏறிப் போய் அண்ணாச்சியிடம் சண்டை போட்டேன். அவர் சாக்கைத் தூக்கிவந்து முன்னால் போட்டார். "இதே சாக்குதான் தாயி அன்னிக்கும். மண்ணு மாறல. வேற என்ன மாறிச்சுன்னு பாருங்க."

மறுநாள் தேவியைத் திரும்ப வாசலில் உட்காரவைத்தேன். இந்தத் தடவை கோட்டைப் பார்க்காமல் அவளைப் பார்த்தேன். உதடு வெளிறியிருந்தது. நகம் வெள்ளையாக இருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. "என்னக்கா?" என்று சிரித்தாள். பல்லிடுக்கில் செம்பழுப்பாக ஏதோ இருந்தது.

"நாக்க நீட்டு."

நீட்டினாள். நாக்கு முழுக்க என் பவுடர்.

4. வாய்க்குப் போனது

"கொஞ்சந்தான்கா. அந்த வாசனைய மோந்தா கை நிக்க மாட்டேன்னுது" என்று தலையைக் குனிந்துகொண்டாள். காலையில் ஒரு சிட்டிகை, மதியம் ஒரு சிட்டிகை என்று ஆரம்பித்து ஸ்பூனுக்கு வந்துவிட்டாள். முன்னால் அடுப்புச் சாம்பல், சிலேட்டுக் குச்சி எல்லாம் தின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை குமட்டுகிறது என்று விழுங்கவே இல்லை.

டப்பா டப்பாவாகக் கொடுத்தது நான் அல்லவா? கடையை அப்படியே சாத்திவிட்டு ஆட்டோவில் அவளை லேடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம் பார்த்தார்கள். டாக்டரம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் முறைத்தார்.

"ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு. இதோட பிரசவத்துக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா? ரத்தம் கம்மியானா சிலருக்கு மண்ணு மேல ஆசை வரும். அத திங்கத் திங்க, சாப்பாட்டுல வர்ற இரும்பும் உடம்புல ஒட்டாது. நீங்க யாரு, அக்காவா?"

"பார்லர்" என்றேன்.

சாயங்காலம் கஸ்தூரி அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மகளுக்காக வளைந்து கொடுப்பார் என்று பார்த்தால், எடுத்த எடுப்பிலேயே கோபம். "மசக்கைல எல்லாரும் தின்றதுதாம்மா. நானுந்தான் சாம்பல் தின்னேன், நாலு பெத்தேன். மீன் விக்கிறவ பொண்ணுக்கு ரத்தம் இல்லன்றியா?"

என் வாயும் சும்மா இருக்கவில்லை. "மீன் நீங்க விக்கிறீங்க. அவ அத மோந்தாலே வாந்தி எடுக்கறா, எங்க தின்னா? ரத்தம் ஏறாம நான் அவ மூஞ்சில கை வைக்க மாட்டேன். போட்டோ வேணும்னா டாக்டர் சீட்டோட வரச்சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு பயம். இந்தம்மா முறைத்துக்கொண்டு மகளை டாக்டரிடம் அனுப்பாமல் விட்டால் என்ன செய்வது? ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்குக் கஸ்தூரி அக்கா கேளம்பாக்கம், வண்டலூர் என்று பஸ் மாறி என் வாசலில் வந்து நின்றார். அவருக்கும் தூக்கமில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"நெசமாவா சொல்ற? உசிருக்கு ஆபத்தா?"

"ஆமாக்கா."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இன்னா குடுக்கணும் சொல்லு" என்றார்.

ஊசியும் மாத்திரையும் டாக்டரம்மா பார்த்துக்கொண்டார். முருங்கைக்கீரை, முட்டை, கேழ்வரகு, பேரீச்சம்பழம் எல்லாம் கஸ்தூரி அக்காவின் பொறுப்பு. மகள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பவுடர் டப்பாக்களை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தேவி தினமும் என் கடைப் பக்கம் வந்து, "ஒரே ஒரு வாட்டி மோந்துட்டுக் குடுத்துடறேன்கா" என்று கெஞ்சுவாள். மனசு கேட்காது. ஆனாலும் கொடுக்கவில்லை.

5. வளைகாப்பு

ஏழாம் மாதம் தள்ளிப்போய் ஒன்பதாம் மாதம்தான் வளைகாப்பு வைத்தார்கள். அன்று காலை தேவி அம்மாவோடு என் கடைக்கு வந்து, ரத்தம் பார்த்த சீட்டை என் கையில் கொடுத்தாள். பத்தரை என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா அடியில் கோடு வேறு போட்டிருந்தார்.

பழைய கலவை எதுவும் சேரவில்லை. முகத்தில் ரத்தக் களை ஏறியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து பூங்காவியைக் கூட்டிக் கூட்டி, நாலாவது கோட்டில்தான் காணாமல் போயிற்று. நாத்தனார் அன்றும் பக்கத்தில் வந்து, "இன்னும் கொஞ்சம் ஃபேரா போடலாமே" என்று ஆரம்பித்தாள். "இதுக்குமேல வெள்ளை வேணும்னா சுவத்துக்குத்தான் அடிக்கணும்" என்றேன். கஸ்தூரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வளைகாப்பு வீட்டில் போட்டோக்காரர் லைட்டைப் போட்டபோது நான் எங்கேயும் போகாமல் அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கழுத்தும் முகமும் ஒன்றாக இருந்தன. அந்தப் படம்தான் இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அடுத்த மாதம் பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நல்ல கறுப்பு.

அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த எந்தப் பெண்ணையும் கீழிமையை இழுத்துப் பார்க்காமல் நான் மேக்கப் போட்டதில்லை. சிலர் சிரித்தார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஷேடு சேரவில்லை என்றால் மண்ணைக் குறை சொல்வதற்கு முன் ஆளைப் பாருங்கள். கர்ப்பிணிப் பெண் யாராவது உங்கள் ஃபேஸ் பேக் கிண்ணத்தை மோந்து வாசனை நன்றாக இருக்கிறது என்றால், பூரித்துப் போகாமல் அவள் என்னவெல்லாம் தின்கிறாள் என்று விசாரியுங்கள்.

அன்றைக்கு மேக்கப் ஆரம்பிக்கும் முன்பு நான் ஒரு காரியம் செய்தேன். பீரோவைத் திறந்து பெரிய டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தேவியின் மூக்குக்கு நேராக நீட்டினேன். கஸ்தூரி அக்கா பதறிப்போய் என் கையைப் பிடித்தார். தேவி மெதுவாக மோந்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, டப்பாவைப் புறங்கையால் தள்ளினாள்.

"உவ்வே, மண்ணு நாத்தம் அடிக்குதுக்கா. இதையா நான் தின்னேன்?"

கஸ்தூரி அக்கா என் கையை விட்டார். இருபது வருஷத் தொழிலில் என் சரக்கை ஒருத்தி நாத்தம் என்று சொல்லி நான் சந்தோஷத்தில் அழுதது அன்றுதான்.