கோழி கண்டுபிடித்த முத்து

என் குங்குமச் செப்புக்குள் ஒரு வெள்ளை உருண்டை கிடக்கிறது. பட்டாணி அளவுதான் இருக்கும். ஒளி கிடையாது, ஒரு பக்கத்தில் மட்டும் மினுக்கென்று கொஞ்சம் தோல் ஒட்டியிருக்கும். போன வாரம் மருமகள் அதைப் பார்த்துவிட்டு, "அத்தை, உடைஞ்ச பாசியப் போயி பொத்தி வச்சிருக்கிய, தூரப் போட்டுரட்டா?" என்றாள். "போட்டுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு" என்றேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்! என் வீட்டுக்காரர், அவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன், ஜெயில் வாசலை மிதிக்காமல் தப்பியது அந்த உருண்டையால்.

அத்தானுக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை. உடன்குடியிலிருந்து சிப்பம் சிப்பமாக வரும். ஆனால் அவர் மனசு கருப்பட்டியில் இல்லை. என் மாமனார் முத்து வியாபாரி. கடலில் சிப்பி நன்றாக விளைந்த வருஷங்களில் மட்டும் சர்க்கார் முத்துக் குளிக்க விடும். அதைச் சலாபம் என்போம். நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு வெகு காலம் முன்பே சலாபம் நின்றுபோயிருந்தது. மாமனார் விட்டுப்போனது ஒரு சின்னத் தராசும், முத்தைக் கொட்டிப் பார்க்கும் ஒரு சிவப்புத் துணியும்தான். வெள்ளிக்கிழமைதோறும் அத்தான் அந்தத் துணியை விரித்து, தராசைத் துடைத்து, நிறுக்க ஒன்றுமில்லாமல் திரும்ப மடித்து வைப்பார். தன்னை ஒரு நாளாவது ஊரார் 'முத்து முதலாளி' என்று கூப்பிட வேண்டும் என்பதுதான் அவர் வாழ்நாள் ஆசை. பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்தொன்றாம் வருஷம், பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, சென்ட் வாசனை. துணியில் அவர் கொட்டிய முத்துகளைப் பார்த்து அத்தானுக்கு மூச்சே நின்றுவிட்டது. அரபுக் கடல் முத்து என்றார். நொடித்துப்போன பெரிய குடும்பத்தின் சொத்து, பெயர் வெளியே வரக்கூடாது என்றார். "உங்க அப்பா காலத்து இருப்புன்னு, தூத்துக்குடி முத்துன்னு உங்க கடைச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாப் போதும். சீமையிலும் அமெரிக்காவிலும் வாங்கிக்குவாங்க. மாசாமாசம் சரக்கு வரும்." ஒரு முத்தை மாதிரிக்கு விட்டுவிட்டு, இருபது நாளில் வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாளே அத்தான் 'முத்து வியாபாரம்' என்று பலகை எழுத ஆள் பிடித்துவிட்டார். வியாபாரம் கூடினால் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக முருகனுக்கு நேர்ந்தும்கொண்டார்.

கடைக்கு வந்தவன் போனவனுக்கெல்லாம் கருப்பட்டிக் கையோடு முத்தை எடுத்துக் காட்டியதில் அது மங்கிவிட்டது. மங்கிய முத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. கோழிக்கு விழுங்கக் கொடுத்து, கொஞ்ச நேரத்தில் அறுத்து எடுத்தால், வயிற்றுக்குள் கல்லோடு கல்லாக உரசிப் பளபளவென்று வந்துவிடும். அத்தான் என்னைக் கேட்காமல் என் சாம்பல் கோழியைப் பிடித்து முத்தைப் புகட்டிவிட்டு, அரிவாளைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தார். நான் ஈரத் தலையோடு விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். கந்த சஷ்டி தொடங்கிய நாள் அது!

"அய்யய்யோ!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சூரசம்ஹாரம் முடிகிற வரை எங்கள் வீட்டில் கவிச்சியே கூடாது. "ஏளா, பக்கத்து வீட்டுல குடுத்து அறுக்கச் சொன்னா என்ன?" என்றார். "ஏன், பக்கத்து வீட்டுல அறுத்தா முருகனுக்குக் கண்ணு தெரியாதோ?" என்றேன். ஆறு நாளும் அத்தான் கூட்டுக்கு முன்னால் குத்தவைத்து, ஈர்க்குச்சியால் கோழி எச்சத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். "முத்து முதலாளி, சலாபம் எப்படி?" என்று கேட்டு நான் சிரித்த சிரிப்பில் விரதப் பசியே மறந்துபோனது.

முருகன் கல்யாணமும் முடிந்த மறுநாள் கோழியை அறுத்தோம். இரைப்பையிலிருந்து வந்தது இந்த உருண்டை. இத்தனை நாள் கல்லோடு உரசியதில் மேல்தோல் உரிந்து, உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி வெறும் வெள்ளை. நல்ல முத்தைக் கெடுத்துவிட்டோம் என்று அத்தான் பதறினார். அதை முடிந்துகொண்டு, அவருடைய சிநேகிதரான காயல்பட்டினத்து மரைக்காயரிடம் ஓடினார். அவரை வீட்டில் எல்லோரும் காக்கா என்போம், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம். கொழும்பு, ரங்கூன் எல்லாம் முத்து விற்றவர்.

காக்கா வீட்டுக்கே வந்து விளக்கினார். "அசல் முத்து வெங்காயம் மாதிரி தம்பி. உரிக்க உரிக்க உள்ளயும் முத்துதான். இது சிப்பி ஓட்டை உருட்டி, இன்னொரு சிப்பிக்குள்ள வச்சு வளத்தது." கிழக்கே தளபதிகள் கையில் இருந்த ஒரு தேசம்தான் இப்படி முத்து வளர்க்கிறது என்றார். அக்கம்பக்கத்து நாடுகளை அடித்துப் பிடித்ததால் அதனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாதென்று வெள்ளைக்கார சர்க்காரும் அமெரிக்காவும் தடை போட்டிருந்தார்கள். "அவன் ஊரு நோட்டை எவன் வாங்குவான்? பெட்ரோலுக்கும் இரும்புக்கும் டாலரு வேணும், பவுனு வேணும். அவன் பேரைச் சொன்னா விக்காது. அதான் ஒங்க வாப்பா பேரைக் கேக்கான். மாட்டினா உள்ள போறது நீங்க. மாட்டலைன்னா அந்தக் காசு குண்டாப் போயி எவன் தலையிலயோ விழும்."

அன்று அத்தான் சாப்பிடவில்லை. புதுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

பம்பாய்க்காரர் சொன்னபடி வந்தார். அத்தான் அவர் முன்னால் சிவப்புத் துணியை விரித்து, இந்த உருண்டையை வைத்தார். அவர் ஒரு கணம் வெளிறிப்போனார், பிறகு சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு, "உங்க பங்கை இரட்டிப்பாக்குறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் தராசை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு நிமிர்ந்து, "எங்க வீட்டுக் கோழிக்கே தெரிஞ்சு போச்சே அண்ணாச்சி!" என்றார். "என் கருப்பட்டியில மண்ணு இருந்தாலும் அது உடன்குடி மண்ணு. எங்க அப்பா பேரை ஒங்க குண்டுக்கு உறையாப் போட மாட்டேன். எந்திரிங்க." மாதிரி முத்தைக்கூடக் கேட்காமல் அந்த ஆள் போய்விட்டார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன், அழவும் செய்தேன். பலகை கோழிக்கூட்டுக்குக் கதவானது.

பிறகு சில வாரத்தில் அந்தத் தேசமே யுத்தத்தில் இறங்கி, ரங்கூனில் குண்டு போட்டது. காக்காவின் தம்பி அங்கே கடை வைத்திருந்தார். காடு மலையெல்லாம் நடந்து, எலும்பும் தோலுமாக ஒருவழியாய் ஊர் வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த அத்தான், கடையில் சரக்கு இறங்குவதைக்கூடக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஏளா, கையெழுத்துப் போட்டிருந்தா அந்தத் தம்பி மொகத்துல நான் எப்படி முழிச்சிருப்பேன்?" என்று கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது என் மருமகள் கழுத்திலேயே வளர்த்த முத்துதான் தொங்குகிறது. கடைக்காரனே வளர்த்த முத்து என்று சொல்லித்தான் விற்கிறான். அதில் குற்றமில்லை. அத்தான் கடைசிவரை கருப்பட்டிதான் விற்றார். வெள்ளிக்கிழமைகளில் சிவப்புத் துணியை விரித்து, இந்த உருண்டையைத் தராசில் வைத்துப் பார்ப்பார். வந்தவர்கள் யாராவது "அண்ணாச்சி, முத்தெல்லாம் உண்டா?" என்று கேட்டால், "ஒண்ணு இருக்கு. விக்கிறதுக்கில்ல" என்பார்.

நேற்று வெள்ளிக்கிழமை. தராசைத் துடைத்து, உருண்டையை வைத்தேன். மருமகள் வந்து எட்டிப் பார்த்தாள். "யாரோடது அத்தை?" என்றாள்.

"முத்து முதலாளியோடது" என்றேன்.