இழுத்துக் காட்டாத நரம்பு

"இனிமே இதை இடுப்புல கட்டிக்கிட்டுத்தான் போகப்போறேன்" என்றார் சித்தப்பா.

சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றிருந்தார். கையில் தூண்டில் கம்பு. அதில் பொருத்தியிருந்த, தூண்டில் நரம்பு சுற்றிய ரீலின் இண்டு இடுக்கெல்லாம் மணல்.

"எதை?" என்றாள் சித்தி, மேசையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கம்பைத்தான். ஒரு கயித்தைப் போட்டு இடுப்போட கட்டிட்டா, அலை அடிச்சாலும் கையை விட்டுப் போகாது. இன்னைக்குப் பாறை இடுக்குல விழுந்து, தண்ணி வத்துற வரைக்கும் காவல் காத்து எடுத்துட்டு வர்றேன்."

"கம்பு போகாது. பெரிய மீனா மாட்டுனா நீங்க போவீங்க."

"போனா உனக்கு நிம்மதிதானே?"

"ஆமா. தினம் மணல் கூட்டுற வேலை மிச்சம்."

சித்தப்பா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "பாத்தியாம்மா உங்க சித்தி பேசுறதை? நீயாவது எனக்காக ஒரு வார்த்தை பேசேன்." நான் புன்னகை செய்தேன். "இவ ஒருத்தி. ரெண்டு பாஷை படிச்சு என்ன பிரயோஜனம்? ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

பிறகு ரீலைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "எப்ப கிடைக்கும்?"

"கடல்ல முக்கி எடுத்துட்டு வந்து எப்ப கிடைக்கும்னா என்ன சொல்றது? வரிசையில வாங்க. முன்னால தையக்காரர் இருக்காரு, ஃபோட்டோக்காரர் இருக்காரு."

"கட்டின புருஷனுக்கும் வரிசையா?"

"புருஷனுக்குத்தான் கடைசி."

சித்தி என் அம்மாவின் தங்கை. வேலை கிடைத்த புதிதில் நான் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். சித்தப்பா பேருந்து ஓட்டுநர். விடுமுறை நாளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது. துறைமுகத்தை ஒட்டிக் கடலுக்குள் நீளும் கல்லணையின் நுனிப் பாறையில்தான் நிற்பார். சித்தி கல்யாணத்துக்கு முன் ஒரு தையல் இயந்திரக் கடையில் பழுது பார்த்தவள். கடைக்காரன் தேறாது என்று திருப்பி அனுப்பிய சித்தப்பாவின் ரீல் ஒன்றை, பார்க்கலாமே என்று ஒருநாள் பிரித்தாள். அது ஓடத் தொடங்கியதும் அவருடைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்படியே முன்னறை பட்டறையாகி, அவளும் 'ரீல் அக்கா' ஆகிவிட்டாள்.

அவள் வேலை செய்யும் விதம் எனக்கு மனப்பாடம். ரீலின் முகப்பில் ஒரு திருகு உண்டு. டிராக் என்பார்கள். அதைத் தளர்த்தி வைத்தால், மீன் வேகமாக இழுக்கும்போது நரம்பு தானே கழன்று ஓடி மீனுக்கு இடம் கொடுக்கும். இறுக்கி வைத்தால் ஓடாது. மீனின் இழுப்பு முழுவதும் கம்பைப் பிடித்திருப்பவன் மேல் வரும். கழுவும்போது அந்தத் திருகை இறுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் வட்டுகளில் தண்ணீர் இறங்கிவிடும். சித்தி முதலில் அதை இறுக்கிவிட்டு, சொம்பிலிருந்து நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுவாள். குழாயடியில் வேகமாகக் காட்டினால் உப்பு வெளியே வராது, உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்பாள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்ப்பாள். பச்சையாகக் களிம்பு பூத்த இடத்தில் வினிகர். பேரிங்கைக் காதருகே வைத்துச் சுழற்றிப் பார்ப்பாள். உள்ளே ஒரு உப்புக்கல் மிச்சமிருந்தாலும் அது நறநறவென்று பல்லைக் கடிக்கும்.

எண்ணெயும் கிரீஸும் போட்டுப் பூட்டிய பின், மறுபடி திருகை இறுக்கி, ஒருமுறை தண்ணீர் ஊற்றித் துடைப்பாள். கடைசியாக, ரீலின் சொந்தக்காரர் முன்னால் திருகைத் தளர்த்தி, ஒரு முழம் நரம்பை இழுத்துக் காட்டுவாள். கிர்ர்ர் என்று சத்தம் வரும். அதைக் கேட்டால்தான் ரீல் கைமாறும். அந்தச் சத்தத்தில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. அவளிடம் வாங்கியதை யாரும் மறுபடி சோதித்துப் பார்ப்பதில்லை.

அலமாரியின் மேல்தட்டில் ஒரு ரீல் மட்டும் யாரும் கேட்டு வராமல் இருந்தது. முடிவெட்டுகிறவர் ஒருவருடையது. நுனிப் பாறையில் நின்றிருந்தவரைக் கடல் கொண்டுபோனது. ஆள் கிடைக்கவில்லை. கம்பு மட்டும் ஒரு வலையில் சிக்கி வந்தது. அவர் மனைவி அதைக் கொண்டுவந்து, சுத்தம் மட்டும் செய்து தரச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவேயில்லை. அதன் திருகு கடைசிவரை இறுக்கப்பட்டிருந்தது என்று சித்தி ஒருமுறை சொன்னாள். அவரே இறுக்கினாரா, உப்பு இறுக்கியதா என்று கண்டுபிடிக்க முடியவில்லையாம். அதைத் துடைக்கும் நாளில் அவள் யாரோடும் பேசமாட்டாள்.

சித்தப்பாவின் ரீல் வரிசையில் காத்துக் கிடந்த நாளெல்லாம் வீட்டில் கயிற்றுப் பேச்சுதான். அவர் கூடத்தில் உட்கார்ந்து, தடித்த கயிற்றில் முடிச்சுப் போட்டுப் போட்டு இழுத்துப் பார்த்தார். கூடவே புது நரம்பும் வாங்கி வந்திருந்தார். ஒரு ஆளையே தூக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

"முடிவெட்டுறவர் ரீலு மேலதான் இருக்கு. ஒருதடவை அதைப் பாத்துட்டு முடிச்சுப் போடுங்க" என்றாள் சித்தி.

"அந்த ஆளுக்கு நீச்சல் தெரியாது."

"கையில கம்பும் இடுப்புல கயிறும் இருந்தா உங்களுக்கும் தெரியாது."

"அபசகுனமா பேசாதடி."

"பேசல. போங்க. எங்க வேணா போங்க."

ரீல் வேலை முடிந்த நாள் காலையிலும் அதே சண்டைதான். சற்றுப் பெரிதாக. எனக்கு அன்று விடுமுறை என்பதால் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா ஏதோ கத்தினார். சித்தியிடமிருந்து "இந்தாங்க" என்று ஒரு சொல் மட்டும் கேட்டது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். இடுப்பில் கட்டிய கயிற்றின் நுனி பின்னால் ஆடிக்கொண்டே போனது.

காற்று அன்று கரையை நோக்கி அடித்தது. கல்லணையில் அலை மோதும் சத்தம் வீடு வரைக்கும் வந்தது. மதியம் ஃபோட்டோக்காரர் வந்தார். "என்னக்கா, என் செல்லத்துக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்றார். சித்தி அவருடைய ரீலை எடுத்து, திருகைத் தளர்த்தி, நரம்பை இழுத்தாள்.

கிர்ர்ர்.

அவள் கை அப்படியே நின்றது. நரம்பை விடாமலே என்னைக் கூப்பிட்டாள்.

"காலையில இந்தச் சத்தம் கேட்டுச்சா?"

நான் யோசித்தேன். கத்தல் கேட்டது, கதவு கேட்டது. "கேக்கல சித்தி."

ஃபோட்டோக்காரரின் ரீல் மேசையில் விழுந்து உருண்டது. செருப்பைக்கூட மாட்டாமல் சித்தி தெருவில் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். மீன் ஏலக்கூடம், பனிக்கட்டிக் கிடங்கு, அதன்பின் கல்லணை. எதிரே வந்த ஒருவர், "பாத்துப் போங்கக்கா, அங்க ஒரே கூட்டம்" என்றார். என்ன கூட்டம் என்று கேட்கச் சித்தி நிற்கவில்லை.

நுனிப் பாறைக்கு முந்திய பாறையில் ஆட்கள் குனிந்து நின்றார்கள். அவர்கள் கால்களுக்கு நடுவே ஒரு ஈரச் சட்டை தெரிந்தது. சித்தி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டை அசைந்தது. சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். முழங்கை தோலுரிந்து, இடுப்பைச் சுற்றிக் கயிறு பதிந்த இடம் சிவந்து கிடந்தது.

"கும்புட்டுக்கங்கக்கா" என்றார் தையல்காரர். அவர் கையில் இரை வெட்டும் கத்தி இருந்தது. "குப்புற விழுந்து விளிம்பு வரைக்கும் வழுக்கிட்டுப் போயிட்டாரு. கயித்தைப் பிடிச்சு இழுத்தா அந்தப் பக்கம் நாலு மாடு இழுக்கற மாதிரி இருக்கு. நரம்பை அறுத்தப்புறம்தான் நின்னாரு."

சித்தப்பாவுக்குப் பல் தந்தியடித்தது. ஆனாலும் பேசாமலிருக்க முடியவில்லை. "எவ்வளவு பெரிய மீனு தெரியுமா? நரம்பே ஓடலை. உள்ள எங்கயோ உப்பு நின்னுருக்கும்போல, இறுகிக்கிச்சு. உன்மேல தப்பில்ல, கடல் தண்ணிக்கு நீ என்ன பண்ணுவ?"

சித்தி கம்பை வாங்கினாள். கழுவும்போது இறுக்கியபடியே இருந்த முகப்புத் திருகில் விரலை வைத்தாள். அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வழுக்கிக்கொண்டு திரும்பியது. கொஞ்சமும் உப்பில்லை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"ஆமா, உப்புதான்" என்றாள் அவள்.

காயம் ஆறுவதற்குள்ளேயே சித்தப்பா அடுத்த விடுமுறையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கயிற்றை இன்னும் தடிமனாக வாங்கவேண்டுமாம். சித்தி இந்த முறை சண்டை போடவில்லை. ரீலைப் பிரித்து, ஊறவைத்து, தேய்த்து, பூட்டினாள். தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். திருகு இறுக்கமாக இருந்தது. அதைத் தளர்த்தாமல் மேசையில் வைத்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷத்துல யாரு ரீலுக்கும் நான் மறந்ததில்ல" என்றாள் மெதுவாக. "அன்னைக்கு மறந்துதான் போச்சுன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்."

அவள் ரீலைத் துணியோடு எடுத்து என் கையில் வைத்தாள்.

"இனிமே அவரோடதை நீயே தளர்த்து. நீயே இழுத்துப் பாரு. நீயே கொண்டுபோய்க் குடு. நானே குடுக்கறேன்னு கேட்டாலும், அதை என் கையில தராதம்மா."